களவுபோன ரப்லெற்றும் சங்கிலி போட்ட கோப்பையும்

சனிக்கிழமை இரவு எட்டரை மணி. கொத்துரொட்டி அடிக்கிற சத்தம் வாசல்வரைக்கும் கேட்கிற நேரம். ஸ்ட்ராத்ஃபீல்ட் ஸ்ரேசனிலிருந்து நடந்து வரக்கூடிய தூரத்தில்தான் நான் வேலைசெய்கிற சாப்பாட்டுக்கடை. பார்சல் எடுக்க வந்த சனம் கவுண்டருக்கு முன்னால் நெரிசலாக நின்றது. வாடிக்கையாளர் தாங்களே தொட்டு ஓடர் கொடுக்கட்டும் என்று அதிலே ஒரு ரப்லெற் வைத்திருந்தோம். அந்த நெரிசலுக்குள் யாரோ அதை ஸ்ராண்டோடு சேர்த்து உரித்துக்கொண்டு போய்விட்டார். ஒன்பது மணிக்கு ஒரு அக்கா வந்து "தம்பி, அந்த அமத்திற சாமான் எங்கை?" என்று கேட்ட பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது.

கவுண்டரில் அன்றைக்கு நின்றவன் ஒரு பெடியன். வவுனியாப் பக்கம், மாணவர் விசாவில் வந்தவன். கடை பூட்டின பிறகு முதலாளி கணக்குக் கொப்பியை விரித்தார். ரப்லெற் இவ்வளவு, ஸ்ராண்ட் இவ்வளவு, எல்லாமாக 740 டொலர். "கவுண்டரில நிண்டது நீர்தானே தம்பி. கிழமைக்கு நூறு நூறாக் கழிப்பம், உமக்கும் பாரமாயிராது" என்றார். குரலை உயர்த்தவில்லை, கோபமாகவும் சொல்லவில்லை. பெடியன் தலையை ஆட்டினான்.

அந்தத் தலையாட்டலைக் கண்டதும் எனக்கு வயிறு பத்தியது. நானும் ஒருகாலத்தில் அதே மாதிரித் தலையாட்டினவன்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

எனக்கு ஒரு பழைய வியாதி இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கத் தொடங்கி இரண்டாம் வருடத்தோடு நாட்டு நிலைமையால் விட்டுவிட்டு வந்தவன் நான். பட்டம் கிடைக்கவில்லை, வியாதி மட்டும் மிஞ்சியது. என்ன கரைச்சல் வந்தாலும் "இது முதன்முதல் எங்கை தொடங்கினது" என்று தேடப் போய்விடுவேன். மனிசி சொல்லுவா, கோப்பை உடைந்தால் மற்ற ஆக்கள் கூட்டி அள்ளுவினம், நீங்கள் கோப்பையின்ரை சரித்திரம் தேடுவியள் என்று. அந்த இரவும் நித்திரை வரவில்லை, அதனால்தான் இந்தப் பதிவு.

உண்மையிலேயே ஒரு கோப்பையில்தான் தொடங்கவேண்டும். ஊரில் எங்கள் சந்தியில் இருந்த தேத்தண்ணிக்கடை வாசலில் ஒரு தண்ணீர்ப் பீப்பா இருக்கும். அதன் மூடியோடு ஒரு அலுமினியக் கோப்பை மெல்லிய சங்கிலியில் தொங்கும். தபால் கந்தோரில் பேனையை நூலில் கட்டியிருப்பார்கள். இரண்டும் பெரிய பெறுமதியான சாமான்கள் இல்லை. ஆனால் பக்கத்துப் பலசரக்குக் கடையில் ஒரு சாமானும் கட்டப்பட்டிருக்காது. ஏனென்றால் அங்கே நாங்கள் எதையும் தொடமுடியாது. மேசைக்கு இந்தப் பக்கம் நின்று "அரை றாத்தல் சீனி" என்று சொல்லவேண்டும், கடைக்காரர் நிறுத்து, சரை சுற்றி, காசை வாங்கி லாச்சிக்குள் போடுவார். ஆக, ஊருக்கு என்று பொதுக்கையில் கொடுத்த சாமானுக்குத்தான் சங்கிலி. கொடுக்காத சாமானுக்கு அது தேவைப்படவில்லை.

இங்கிலாந்தில் ஒருகாலத்தில் புத்தகங்களையே சங்கிலியில் கட்டினார்கள். ஹியர்ஃபோர்ட் தேவாலயத்துச் சங்கிலி நூலகத்தின் அலுமாரிகள் 1611 அளவில் செய்தவை, இன்றைக்கும் பார்க்கலாம். புத்தகத்தின் முன் அட்டை விளிம்பில் சங்கிலியின் ஒரு முனை. மற்ற முனையில் ஒரு வளையம், அது தட்டின் நீளத்துக்குப் போகிற இரும்புக் கம்பியில் ஓடும். கம்பிக்குப் பூட்டு. அதனால் புத்தகங்களை இன்று போல முதுகு வெளியே தெரிய அடுக்க முடியாது, சங்கிலி முறுகிவிடும். தாள் விளிம்பு வெளியே தெரியத்தான் அடுக்கினார்கள். தட்டுக்குக் கீழேயே வாங்கும் மேசையும் இருக்கும். சங்கிலி எட்டுகிற தூரத்தில் இருந்து வாசித்துவிட்டுப் போகவேண்டியதுதான். கையால் எழுதிய புத்தகம் ஒன்றைச் செய்து முடிக்க மாதக்கணக்காகும் காலத்தில் தொடங்கிய வழக்கம் அது. அச்சு வந்து புத்தகம் மலிந்த பிறகுதான் சங்கிலிகள் மெல்ல மெல்லக் கழன்றன.

புத்தகத்துக்குச் சங்கிலி போட்ட அதே நாடு, கடையில் களவெடுத்த மனிதருக்குத் தூக்குக் கயிறு போட்டது. 1699 இல் கொண்டுவந்த சட்டத்தின்படி, கடையிலிருந்து ஐந்து ஷில்லிங் அல்லது அதற்கு மேல் பெறுமதியான சாமானை மறைவாகக் களவெடுத்தால் மரணதண்டனை. சாமுவேல் ரொமிலி என்ற வழக்கறிஞர் 1810 இலிருந்து இதை நீக்கச் சொல்லி நாடாளுமன்றத்தில் திரும்பத் திரும்பச் சட்டமூலம் கொண்டுவந்தார். பிரபுக்கள் சபை திரும்பத் திரும்பத் தோற்கடித்தது. கடைக்காரரின் சொத்துக்கு வேறு பாதுகாப்பு இல்லையாம். ரொமிலி 1818 இல் இறந்துபோனார். சட்டம் 1820களில்தான் ஒழிந்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், சிட்னி என்ற ஊரே அந்தச் சட்டங்களின் பிள்ளை. 1786 இல் லண்டனில் எஸ்தர் ஏப்ரஹாம்ஸ் என்று ஒரு இளம் யூதப் பெண், ஒரு கடையில் 24 யார் கறுப்புப் பட்டு லேஸ் களவெடுத்தா என்று பிடிபட்டா. ஏழு வருட நாடுகடத்தல். கைக்குழந்தையோடு 'லேடி பென்ரின்' என்ற கப்பலில் ஏற்றி, 1788 யனவரியில் முதல் கப்பல் தொகுதியோடு இங்கே கொண்டுவந்தார்கள். அவவோடு சேர்ந்து வாழ்ந்த கடற்படைவீரர் ஜோர்ஜ் ஜோன்ஸ்டன்தான் 1808 இல் ஆளுநர் பிளையைக் கைதுசெய்தவர். அவர்கள் 1814 இல் கலியாணம் செய்தார்கள். ஸ்ட்ராத்ஃபீல்டுக்கு வடக்கால் போகிற பரமட்டா றோட்டில் நகரத்தை நோக்கிப் போனால் அன்னண்டேல் என்ற இடம் வரும். அந்தப் பெயர் அவர்களுடைய காணியின் பெயர். அந்த றோட்டால் வேலைக்குப் போகிற எங்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? படகில் வந்த எங்களைப் பார்த்துக் கள்ள வழியால் வந்தவர்கள் என்று சொல்கிற ஆக்களுக்கும் தெரியாது போல.

சரி, கடைக்கு வருவோம். எங்கள் ஊர்ப் பலசரக்குக் கடை போலத்தான் உலகத்தில் பெரும்பாலான கடைகள் இருந்தன, 1916 செப்ரெம்பர் வரைக்கும். அந்த மாதம் அமெரிக்காவில் மெம்ஃபிஸ் நகரத்தில் கிளாரன்ஸ் சோண்டர்ஸ் என்பவர் 'பிக்லி விக்லி' என்ற விசித்திரமான பெயரில் ஒரு கடை திறந்தார். கூடையை எடு, நீயே சாமானைப் பொறுக்கு, போகும்போது காசைக் கட்டு. அடுத்த வருடம் அதற்குக் காப்புரிமையும் வாங்கிவிட்டார். வேலையாட்கள் சம்பளம் மிச்சம். ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த சாமான் எல்லாம் இந்தப் பக்கம் வந்துவிட்டது, களவுக்கும் அதுதான் வாசல். அரை நூற்றாண்டு கழித்து ஒஹையோ மாநிலத்தில் ரொனால்ட் அசாஃப் என்ற கடை மனேச்சர், வைன் போத்தல் தூக்கிக்கொண்டு ஓடிய ஒருவரைத் துரத்திப் பிடிக்க முடியாமல் இளைத்து நின்றாராம். அதிலிருந்து தொடங்கியதுதான் வாசலில் 'பீப்' என்று கத்துகிற அட்டை வில்லை செய்கிற சென்சர்மற்றிக் நிறுவனம்.

ஆட்களைக் குறைத்து, மிஞ்சின காசில் ஒரு பங்கைப் பூட்டுக்குச் செலவழிப்பது. எங்கள் கடையில் ரப்லெற் வந்ததும் அப்படித்தான். அது வந்த மாதம் கவுண்டரில் இரண்டு பேர் நின்ற இடத்தில் ஒருவர் ஆனது. இதை மறக்காமல் வைத்திருங்கோ.

ஸ்ட்ராத்ஃபீல்டுக்கே இந்த விடயத்தில் ஒரு பங்கு உண்டு. பழைய ஆட்களுக்கு 'ஸ்ட்ராத்ஃபீல்ட் கார் ரேடியோ' ஞாபகம் இருக்கும். 1980 இல் தொடங்கிய கடை, பிறகு அவுஸ்திரேலியா முழுக்கக் கிளை விரித்துக் கைத்தொலைபேசியும் விற்று, 2009 இல் நிர்வாகிகள் கைக்குப் போனது. அந்த எண்பதுகளில் கார்க் கண்ணாடியை உடைத்து ரேடியோ களவெடுப்பது ஒரு தொழில். முதலில் கண்டுபிடித்த மருந்து, ரேடியோவை முழுதாக இழுத்துக் கழற்றி, ஹான்ட்பாக் மாதிரிக் கையில் கொண்டுபோவது. பிறகு முகப்பு மட்டும் கழன்றது. இன்னொரு மருந்துதான் புத்தியானது: பற்றறி வயரை அறுத்தவுடன் ரேடியோ இரகசிய இலக்கம் கேட்கும், தெரியாவிட்டால் அது வெறும் தகரம். சங்கிலி சாமானிலிருந்து கழன்று சாமானின் பயனுக்குள் போனது அங்கேதான். காருக்கும் அதே வழிதான் பலித்தது. 2001 யூலையிலிருந்து அவுஸ்திரேலியாவில் விற்கிற புதுக்கார் எல்லாவற்றுக்கும், சரியான திறப்பு இல்லாமல் எஞ்சின் ஓடாத கருவி கட்டாயம். அடுத்த பத்து வருடத்தில் கார்க்களவு பாதிக்கும் மேல் குறைந்தது.

ஐபாட் இங்கே விற்பனைக்கு வந்தது 2010 மே 28. அந்த வருட நடுப்பகுதியிலேயே நோர்த் சிட்னியில் ஒரு ஹோட்டல் உணவகம் அச்சடித்த மெனுவை ஒதுக்கிவிட்டு மேசைக்கு மேசை ஐபாட் கொடுத்துச் செய்தியானது. 2011 இல் அப்பிள் தன்னுடைய கடைகளிலேயே விலை அட்டைக்குப் பதிலாக ஐபாட்டை வைத்தது. பிறகு வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற கொம்பனிகள் ஒவ்வொன்றும் ஒரு ரப்லெற் தந்தன. டெலிவரூ 2022 நவம்பரில் நாட்டை விட்டே போய்விட்டது. எங்கள் லாச்சிக்குள் பழைய சார்ஜர்கள் இன்னும் கிடக்கின்றன.

ஆனால் ரப்லெற்றைக் கட்டுவது லேசான காரியம் இல்லை. லப்டொப்புக்குத் தொண்ணூறுகளிலேயே வழி வந்துவிட்டது. பக்கவாட்டில் 7 மில்லிமீற்றர் நீளம் 3 மில்லிமீற்றர் அகலத்தில் ஒரு சின்னப் பிளவு இருக்கும், கென்சிங்டன் பூட்டு அதற்குள் போய்த் திரும்பும். ரப்லெற்றின் தடிப்புக்கு அந்தப் பிளவைப் போட இடமில்லை. அதனால் இரும்புச் சட்டத்துக்குள் போட்டு, சட்டத்தைத் தண்டில் மாட்டி, தண்டைக் கவுண்டருக்குள்ளால் துளைத்துக் கீழே நட்டுப் போட்டு இறுக்கவேண்டும். அதிலேயும் கரைச்சல் உண்டு. இரவு பகலாகச் சார்ஜில் கிடந்தால் பற்றறி வீங்கும், இறுக்கின சட்டத்துக்குள் வீங்கினால் வெளியில் தெரியாது, திரைதான் முதலில் பிதுங்கும். மாதம் ஒருக்கால் கழற்றிப் பார்க்கவேண்டும். கடைகளில் யார் பார்க்கிறார்கள்? பூட்டையும் முழுக்க நம்பக்கூடாது. 2004 இல் கிரிப்ரோனைற் என்ற பெயர்போன சைக்கிள் பூட்டை ஒருவர் சாதாரண பிக் பேனை மூடியிருக்கும் குழாயால் திறந்து காட்டி இணையமே சிரித்தது. அதே உருளைத் திறப்பு வகைதான் மலிவான கணினிப் பூட்டுகள் பலவற்றிலும்.

உள்ளுக்குள் போடுகிற பூட்டுத்தான் உண்மையில் வேலைசெய்தது. கைத்தொலைபேசிகளின் அடையாள இலக்கத்தை வைத்து எல்லா வலையமைப்பிலும் தடைசெய்வது இங்கே 2003 இலிருந்து இருக்கிறது. ஆனால் சிம் இல்லாமல் வைஃபையில் மட்டும் ஓடுகிற ரப்லெற்றுக்கு அது உதவாது. 2013 செப்ரெம்பரில் அப்பிள் தன் சாமான்களுக்குப் புதுப் பூட்டுப் போட்டது. உரிமையாளரின் கடவுச்சொல் இல்லாமல் அழித்துத் திரும்பப் பாவிக்கமுடியாது. அடுத்த ஒரு வருடத்தில் ஐபோன் கொள்ளை சான்பிரான்சிஸ்கோவில் 40 வீதமும் நியூயோர்க்கில் 25 வீதமும் குறைந்ததாக 2015 இல் அந்த நகரங்களின் சட்ட அதிகாரிகள் அறிவித்தார்கள். கார் ரேடியோவின் இரகசிய இலக்கம், இருபது வருடம் பிந்தி.

எங்கள் ரப்லெற்றிலும் அப்படி ஒரு பூட்டு இருந்தது. எடுத்தவருக்கு அதனால் ஐந்து சதமும் பிரயோசனமில்லை. ஞாயிறு மத்தியானம் அது லிட்கம் பக்கம் நிற்பதாகத் திரையில் ஒரு புள்ளி காட்டியது. பிறகு அணைந்துவிட்டது. பொலிசில் முறைப்பாட்டு இலக்கம் ஒன்று தந்தார்கள். கள்ளனுக்கும் இல்லை, கடைக்கும் இல்லை. அந்தக் கணக்கைத்தான் பெடியனின் தலையில் எழுதப் பார்த்தார்கள்.

பூட்டுகளின் சரித்திரத்தை எழுதினவர்கள் இருக்கிறார்கள். பூட்டுத் தவறினால் யார் காசு கட்டினது என்ற சரித்திரம் சட்டப் புத்தகங்களுக்குள் ஒளிந்து கிடக்கிறது. பிரித்தானியாவில் கடைச் சிப்பந்திகளுக்கு முதலாளி தன் எண்ணப்படி தண்டம் போடுவது சாதாரணமாக இருந்தது. 1896 இன் ட்ரக் சட்டம்தான், முன்கூட்டியே எழுத்தில் இல்லாமல், நியாயமான தொகையாக இல்லாமல் தண்டம் கழிக்கக்கூடாது என்றது. 1986 இன் சம்பளச் சட்டம் அந்தப் பழைய சட்டத்தை எடுத்துவிட்டு, சில்லறைக் கடை வேலையாட்களிடம் காசுக் குறைவுக்கோ சாமான் குறைவுக்கோ கழிப்பதென்றால் ஒரு சம்பளத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடாது என்று வைத்தது. 1996 இன் சட்டத்துக்குள்ளும் அது தொடர்கிறது. லண்டனில் பெற்றோல் செற்றில் இரவு வேலைசெய்த நண்பர்களுக்கு இது தெரிந்திருக்கவேண்டும். பெற்றோல் அடித்துவிட்டு ஓடினவனின் காசு யாருடைய சம்பளத்திலிருந்து போனது என்று அவர்களிடம் கேளுங்கோ.

அவுஸ்திரேலியா இன்னும் ஒரு படி இறுக்கம். 2009 இன் ஃபெயார் வேர்க் சட்டத்தின் 324 ஆம் பிரிவின்படி, தொழிலாளியின் சம்மதத்தை வைத்துக் கழிப்பதென்றால் அந்தச் சம்மதம் எழுத்தில் இருக்கவேண்டும், கழிப்பதும் பிரதானமாகத் தொழிலாளியின் நன்மைக்காக இருக்கவேண்டும். 326 ஆம் பிரிவு, முதலாளியின் நன்மைக்காக நியாயமில்லாமல் கழிக்கலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதினாலும் அது செல்லாது என்கிறது. களவுபோன ரப்லெற்றுக்குக் காசு கட்டுவதில் பெடியனுக்கு என்ன நன்மை?

இப்போது என் கதை. நான் படகில் வந்து, தற்காலிக விசாவில் இருந்த முதல் வருடங்களில் வேறொரு இடத்தில் கோப்பை கழுவி, பிறகு மேசைக்குச் சாப்பாடு வைத்தேன். ஒருநாள் ஆறு பேர் சாப்பிட்டுவிட்டு ஒவ்வொருவராக வெளியே போய்ச் சிகரெற் பத்தினார்கள், திரும்பி வரவில்லை. 186 டொலர். அந்தக் கிழமைச் சம்பளம் கையில் வந்தபோது 186 டொலர் குறைவாக இருந்தது. "சரிதானே?" என்று கேட்டார்கள். தலையை ஆட்டினேன். காசுக்காக இல்லை, பொலிஸ், விசா, முறைப்பாடு என்று ஒரு சொல் வந்தாலே நெஞ்சு இடிக்கிற காலம். அது சம்மதம் இல்லை. ஆனால் பார்க்கிறவருக்குத் தலையாட்டல்தானே தெரியும்.

ஞாயிறு பின்னேரம் முதலாளியிடம் போனேன்.

"அண்ணை, பெடியன்ரை காசு கழிக்கக் கூடாது."

"ஏன், உம்மடை காசில கழிக்கட்டோ?"

"இல்லை அண்ணை. கல்லுக் கவுண்டரில துளை போட்டால் கட்டிடக்காரன் ஏசுவான் எண்டு, அந்த ஸ்ராண்டை ஒட்டுநாடாவில ஒட்டச் சொன்னது நீங்கள். ரண்டு பேர் நிண்ட இடத்தில ஒராளை விட்டதும் நீங்கள். அவன் பார்சலும் கட்டி, காசும் வாங்கி, ரப்லெற்றையும் பாக்க அவனுக்கு எத்தினை கண்?"

சட்டப் பிரிவுகளை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். அதையும் கொடுத்தேன். மாணவர் விசாவைக் காட்டி வெருட்டுவதும் 2024 யூலையிலிருந்து குற்றம் என்று கீழே ஒரு வரி. அவர் கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார். "சட்டம் படிச்சனீரோ?" என்றார். "சரித்திரம் அண்ணை, அதுவும் அரைகுறை" என்றேன். அவருடைய பக்கத்தையும் சொல்லவேண்டும். வாடகை ஏறிவிட்டது, சாப்பாடு கொண்டுபோகிற கொம்பனிகள் எடுக்கிற பங்கு அவருக்கு மிஞ்சுகிற பங்கை விடப் பெரியது. அவரும் ஒருகாலத்தில் கோப்பை கழுவினவர்தான். அதனால்தானோ என்னவோ, துண்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "சரி, விடும்" என்றார்.

இப்போது கவுண்டரில் ரப்லெற் இல்லை. கறுப்புச் சதுரங்கள் அச்சடித்த ஒரு கடதாசி, பிளாஸ்ரிக் தாங்கியில். ஜப்பானில் கார் உதிரிப்பாகங்களை எண்ணுவதற்காக டென்சோ கொம்பனி 1994 இல் செய்த கியூஆர் குறி இது. 2021 யனவரியிலிருந்து நியூ சவுத் வேல்சில் சாப்பாட்டுக்கடைக்குள் போக அதை ஸ்கான் பண்ணவேண்டும் என்று கொரோனா காலத்தில் கட்டாயமாக்கியதால் அப்பம்மாருக்கும் பழகிவிட்டது. கடைக்குக் களவுபோக ஒன்றும் இல்லை, வாடிக்கையாளர் தன்னுடைய ரப்லெற்றைத் தானே காவிக்கொண்டு வருகிறார். பீப்பாவுக்குக் கோப்பை வைக்காமல், வருகிறவர் வீட்டிலிருந்தே கோப்பை கொண்டுவரட்டும் என்ற மாதிரி. அன்றைக்கு "அமத்திற சாமான் எங்கை" என்று கேட்ட அக்கா, படத்தில் கைவைத்து ஓடர் கொடுத்துப் பழகியவ. போனில் எழுத்துச் சின்னன் என்று இப்போது என்னிடம் வாயால் சொல்லி வாங்குகிறா. அவவுக்கும் எனக்கும் அதுதான் நல்லாயிருக்கிறது, ஆனால் பின்னால் வரிசை நீளுகிறது.

கவுண்டரின் மூலையில் ஒரு உண்டியல் ரின் இருக்கிறது, ஊரில் ஒரு பிள்ளைகள் இல்லத்துக்குக் காசு சேர்க்க. முதலாளி அதற்கு இப்போது மெல்லிய சங்கிலி போட்டு, சுவரில் ஆணி அடித்துப் பூட்டியிருக்கிறார். சுவரில் துளை போடலாமாம், கல்லில்தான் கூடாதாம்.

பெடியனின் சம்பளத்தில் ஒரு சதமும் கழிக்கவில்லை. அடுத்த கிழமை வேலை அட்டவணை ஒட்டினார்கள். அவனுக்கு நாலு நாள் இருந்த இடத்தில் இரண்டு நாள். அதுக்கு அடுத்த கிழமையும் இரண்டு. நான் அட்டவணையைப் பார்த்துக்கொண்டு நிற்க, பக்கத்தில் வந்து, "பரவாயில்லை அண்ணை, சோதினை வருது, படிக்க நேரம் கிடைக்கும்" என்றான்.